மனப்பாடம் பண்ண வரிசை மாறிப்போச்சு, மாதா என்னைக் கைவிடல

அண்ணன் செத்த அன்னிக்கே நானும் செத்துட்டேன்னுதான் நினைச்சேன். மஞ்சக்காமாலை. எட்டே நாளு. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பாண்டி கதிர்காமம் ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிக்கினு வந்தோம். அம்மா சோறு வேணாம்னு சொவரைப் பாத்துப் படுத்துடுச்சு.

என் பேரு ஸ்டெல்லா. பத்தாவது பெயிலு. அப்பா கெடையாது. அண்ணன் மைக்செட்டு வாடகைக்கு விட்டுக்கினு இருந்துச்சு, நான் கூடப் போயி வயரு இழுப்பேன். அப்பதான் பாண்டியில கம்பி இல்லாம நெட்டு குடுக்க ஆரம்பிச்சாங்க. "இனிமே இதான் வேலை, கத்துக்க"ன்னு அண்ணன்தான் என்னை வயர்லெஸ் கோர்ஸ்ல சேத்துச்சு. பரீட்சைக்கும் பேரு குடுத்துச்சு. அதான் அது எனக்குக் கடைசியா செஞ்சது.

பாண்டி மேட்டுப்பாளையத்துல நெட்டு மாட்டுற கம்பெனிக்குப் போயி வேலை கேட்டேன்.

"பொண்ணா இருக்கியேம்மா. ஏணி ஏறுவியா?"ன்னாரு கம்பெனி சாரு.

"கொடிமரம் உசரத்துக்கு கோன் ஸ்பீக்கர் கட்டியிருக்கேன் சார்."

சிரிச்சாரு. "அப்ப வயர்லெஸ் பரீட்சை சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கினு வா. பத்தாவது பெயிலுன்னா எனக்குக் கவலை இல்ல. இது பெயிலுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

புக்கு முழுக்க இங்கிலீஷு. எழுத்துக்கூட்டிப் படிச்சா ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். அழுகையா வரும். சாமி மேல கோவத்துல நான் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன். ஒரு நாளு அம்மா எழுந்து உக்காந்து, "ஒம்பது நாளு நவநாளுக்கு என்கூட வாடி. வேண்டிக்கலன்னாலும் பரவால்ல, சும்மா வந்து உக்காரு"ன்னுச்சு. போனேன். ஆறாவது நாளுதான் வேண்டிக்க வாய் வந்துச்சு. "மாதாவே, அண்ணனைத்தான் எடுத்துக்கினீங்க. எனக்கு இங்கிலீஷையாவது குடுங்க."

வரல.

அதனால ஒன்னு பண்ணேன். புக்குப் பின்னாடி இருந்த மாதிரிக் கேள்வியை ஞானோபதேச கிளாஸ்ல கத்துக்கற மாதிரி வரிசையா மனப்பாடம் பண்ணேன். சிஸ்டர் புக்குல இருக்கிற மாதிரிதான கேப்பாங்க, நாமளும் அப்டியே ஒப்பிப்போம். பரீட்சையும் அப்டித்தான்னு நெனைச்சுட்டேன். ஒன்னுக்கு பி, ரெண்டுக்கு டி, மூணுக்கு ஏ. மன்றாட்டுமாலை மாதிரி வாயில ஓடும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல பரீட்சை. கம்ப்யூட்டர்ல மொதல் கேள்வி வந்துச்சு. நான் மொதல்ல படிச்சது இல்ல. ரெண்டாவதும் இல்ல. பக்கத்துல காவலுக்கு நின்ன மேடத்துகிட்ட, "கேள்வி வரிசை மாறியிருக்கு"ன்னேன்.

"எந்த வரிசைம்மா? ஆளுக்கு ஒரு வரிசையில வரும். பேசாம எழுது."

 கண்ணை மூடி ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். பாதியிலயே நின்னு போச்சு. மாதாவே, எனக்கு ஒன்னும் தெரியல, அவ்ளோதான்னு விட்டுட்டேன்.

கண்ணைத் தொறந்து மறுபடி பாத்தேன். வாக்கியம் புரியல. ஆனா ஆன்டெனா, மெட்டல், சிக்னல்னு ஒவ்வொரு வார்த்தையா தெரிஞ்சுது. ஒரு படமும் இருந்துச்சு, ரெண்டு ஆன்டெனாவுக்கு நடுவுல தகரக் கொட்டாயி. அப்டியே அண்ணன் கொரலு வருது. "பீடத்துக்கு அடியில ரிசீவரை வைக்காதடி கழுத, தகரம் சிக்னலை மறைக்குது. ஜனம் எழுந்து நின்னா கரகரங்கும், உசரத்துல வை. ஆன்டெனா கொம்பு ரெண்டையும் ஒரே மாதிரி நிமித்தி வை." கோயில்ல கார்டுலெஸ் மைக்குக்காக நான் வாங்கின திட்டு ஒவ்வொன்னும் அங்க கேள்வியா வந்து நிக்குது. அழுதுக்கினே எழுதினேன். தெரியாதது நெறைய இருந்துச்சு, பொய் சொல்லல.

முடிச்ச ஒடனே கம்ப்யூட்டரே காட்டிடுச்சு. பாஸு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன்.  அது எழுந்து போயி சோத்துக்கு ஒலை வச்சுது.

இப்ப அந்த சாருகிட்டயே வேலை, தட்டாஞ்சாவடி கம்பெனிங்க கூரை மேல ஏறி ஆன்டெனா மாட்டுறேன். அண்ணன் இல்லாதது இன்னும் வலிக்குது. ஆனா நெஞ்சுல வச்சிருந்த கல்லு எறங்கிடுச்சு, நல்லா தூங்குறேன். நான் இங்கிலீஷ் கேட்டேன். என்கிட்ட ஏற்கெனவே இருந்ததை மாதா எடுத்துக் காட்டினாங்க. ஒங்களுக்கும் வேண்டிக்க வாய் வரலன்னா பரவால்ல. சும்மா போயி உக்காருங்க. நானும் அப்டித்தான் உக்காந்தேன்.