சிவப்பில் தெரிந்த இடைவெளி

என் தம்பி ஷியாவ் கெஷுன் இடது கையால் மட்டும் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மென்பொருள் தொழில்நுட்பத் தேர்வில் இரண்டாம் நிலைச் சான்றிதழ், மூன்றாவது முயற்சியில். முடுக்கியை இடப்பக்கம் மாற்றிய ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமம், முதல் முயற்சியிலேயே. நிமிடத்துக்கு நாற்பத்தாறு சொல் தட்டச்சு. தேர்வு வைத்தவர் நம்பாமல் இரண்டு தடவை அளந்தார். தைவானின் காங்ஷானில், திருகாணிகளைப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் அலுவலகத்தில் ஒரு மேசை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே அலுவலகத்தில் இரண்டு கையும் உள்ள பதினொரு பேர் இன்று தாங்கள் நிரல் எழுதும் எடிட்டரில் போட்டு வைத்திருக்கும் ஒன்பது அமைப்பு வரிகள்.

நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவள். திருகாணிக்கு அளவு பார்ப்பது என் வேலை. பார்க்காததை எழுதிப் பழக்கமில்லை.

அவனுக்குப் பத்தொன்பது வயதில், திருகாணி செய்யக் கம்பிக்குத் தலை அடிக்கும் இயந்திரம் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. நான் அதே தொழிற்சாலையில் அடுத்த வரிசையில் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

நிரல் எழுதக் கற்றபோது அவனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது மவுஸ். ஒரே கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் நினைத்தது மறந்துபோகும். அதனால் மவுஸே தேவைப்படாத ஓர் எடிட்டரைப் பிடித்தான். அதில் எழுத்துகளே கட்டளைகள். ஓர் எழுத்தைத் தட்டினால் வரி அழியும், இன்னொன்றைத் தட்டினால் கீழே போகும். ஒரு விசையைத் தட்டி உள்ளே போனால்தான் எழுத முடியும். வெளியே வந்தால் மறுபடி கட்டளை. அந்த எடிட்டர் இரண்டு கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. கெஷுன் அதை ஒரு கைக்கு மாற்றினான். தள்ளியிருக்கும் இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்க அவனால் ஆகாது. ஆகவே ஷிஃப்ட்டை ஒரு தடவை தட்டி விட்டாலே அடுத்து வருவது அதனோடு சேரும்படி கணினியில் வைத்துக்கொண்டான். கட்டைவிரலுக்கு அடியிலேயே கிடக்கும் நீண்ட ஸ்பேஸ் விசையைத் தன் கட்டளைகளுக்கெல்லாம் வாசலாக்கினான். ஸ்பேஸ், பிறகு ஓர் எழுத்து: கோப்பு சேமிக்கப்படும். ஸ்பேஸ், வேறோர் எழுத்து: நிரல் ஓடும். இந்த மாற்றங்களையெல்லாம் எழுதி வைத்த அமைப்புக் கோப்பு ஆறு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு வரி ஆயிற்று. ஒரு நகல் என்னிடம் இருக்கிறது.

அலுவலகத்தில் அவனைச் சேர்த்தபோது மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். ஆகஸ்ட் பதின்மூன்று முதல் நவம்பர் ஒன்பது வரை. அதுவரை அவன் எழுதுவது எதுவும் அவன் பெயரில் போகாது. மூத்த நிரலாளர் லூ படித்துப் பார்த்துத் தன் பெயரில் சேர்ப்பார். லூ நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்னடா ஒத்தக்கை, இன்னிக்காவது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிப்பியா?" என்பாராம்.

"ரெண்டு கை வச்சிருக்கீங்கண்ணே, ஒரு விரலாலதான அடிக்கிறீங்க. மிச்சம் ஒம்பதையும் எனக்குக் கடனா குடுங்க" என்று இவன் சொல்வான்.

செப்டம்பர் வரை சரியாக இருந்தது. அக்டோபரில் அலுவலகம் புது மடிக்கணினி கொடுத்தது. அதிலிருந்து எடிட்டருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு தடவை காது கேட்காமல் போனது. கட்டளை தட்டினால் எதுவும் நடக்காது. உள்ளே போய் எழுதினால் ஆங்கில எழுத்துகள் சீன எழுத்தின் அகலத்துக்குப் பரந்து பரந்து விழும். தைவானில் கணினி தொட்ட எல்லோரும் அந்த அகல எழுத்தைப் பார்த்திருப்பார்கள். யாரும் வேண்டிக் கேட்பதில்லை. கெஷுன் அந்த எழுத்தை அழிப்பான், எடிட்டர் ஜன்னலை மூடித் திறப்பான், சரியாகிவிடும். ஆனால் அப்படி நடந்த நாட்களில் அவன் எழுதிய நிரல் ஓடாமல் நின்றது. நின்ற வரியில் எந்தத் தப்பும் கண்ணுக்குத் தெரியாது. அழித்து அதையே திரும்ப அடித்தால் ஓடும்.

நவம்பர் இரண்டாம் தேதி முதலாளி ஹோங் அம்மா அவனைக் கூப்பிட்டார்.

"கெஷுன், போன மாசம் மட்டும் ஆறு தடவ எல்லாரோட வேலையும் நின்னுபோச்சு. எல்லாரும் போடற செட்டிங்க நீயும் போட்டா என்ன?"

"அதுல ஒரு கையால வேல செய்ய முடியாதும்மா."

"சரி. வர்ற வெள்ளியோட உன் மூணு மாசம் முடியுது. அதுக்குள்ள தப்பு எங்கன்னு நீயே கண்டுபிடி. இல்லன்னா சோதனப் பிரிவுக்குப் போயிடு. அங்க எழுத வேண்டியதில்ல. ஸ்க்ரூ விழறதப் பாத்து பட்டன் அழுத்தினா போதும்."

சோதனைப் பிரிவு கேவலமான இடம் இல்லை. ஆனால் என் தம்பி ஒன்பது ஆண்டுகளாக ஏறி வந்தது எழுதுவதற்காக, பட்டன் அழுத்துவதற்காக இல்லை.

அன்று மதியம் லூ அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கணினியில், அவன் அமைப்புக் கோப்போடு நான்கு மணி நேரம் வேலை பார்த்தார். ஷிஃப்ட்டை மட்டும் தன் வழக்கப்படி ஒரு கையால் பிடித்துக்கொண்டே அடித்தார். ஒரு தடவைகூட எதுவும் நடக்கவில்லை.

"உன் பச்சப் பொட்டலம் காலாவதி ஆயிருச்சுடா, அதான்" என்று எழுந்தார். எங்கள் ஊரில் இயந்திரம் ஒழுங்காக ஓட அதன் தலையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைப்போம். தேதி தாண்டினால் பலிக்காது. கெஷுன் எடுத்துப் பார்த்தான். தேதி தாண்டவில்லை.

சனிக்கிழமை வீட்டில் அமைப்புக் கோப்பைப் பாதிப் பாதியாக அணைக்கத் தொடங்கினான். சந்தேகம் முழுக்கப் பதினேழு வரிகள் மேல். எழுதப் போகும்போதும் வெளியே வரும்போதும் சீனம், ஆங்கிலம் என்று எழுத்து முறையைத் தானே மாற்ற அவன் எழுதிய வரிகள் அவை. முதலில் அவை இருந்த பாதியை அணைத்தான். எடிட்டருக்குக் காது கேட்கவில்லை. அதைத் திறந்து மறுபாதியை அணைத்தான். கேட்கவில்லை. ஒரு பெட்டியில் கெட்ட திருகாணி கலந்தால் நாங்களும் இப்படித்தான் பிரிப்போம். எங்களுக்கு ஏதாவது ஒரு பாதியாவது சுத்தமாக வரும். மாலை நான்கு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு வரியும் அணைந்திருந்தது. வெறும் எடிட்டர். அதற்கும் காது கேட்கவில்லை.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, செட்டிங்ல தப்பில்ல. லூ அண்ணன் தொட்டா சரியா இருக்கு. அப்ப தப்பு என் கைதான்."

"கைன்னா எந்த விரல்?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது?"

"இயந்திரத்துலதான் கோளாறுன்னு எங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, எந்தப் பல்லுலன்னுதான் கேப்பாரு. நீ எந்த விரல்னு சொல்லு."

ஞாயிறு மதியம் ஆட்டுக்கறிச் சூப்பு குடித்துவிட்டு உட்கார்ந்தோம். அவன் வழக்கம்போல எழுதினான். நான் ஆய்வுத் தாளை வைத்துக்கொண்டு எடிட்டருக்குக் காது போவதற்கு முன் அவன் கடைசியாகத் தட்டிய விசைகளைக் குறித்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. எந்த விசை எங்கே இருக்கிறது என்பது தெரியும். மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை நடந்தது. தாளை அவனிடம் கொடுத்தேன். நான்கு வரியிலும் ஒன்றுதான்: இடது ஓரத்து விசை, உடனே நடுவில் உள்ள நீண்ட விசை.

அவன் தாளைப் பார்த்தான். பிறகு ஷிஃப்ட்டைத் தட்டினான், ஸ்பேஸைத் தட்டினான், ஓர் எழுத்தை அடித்தான். அது அகலமாக விழுந்தது. மறுபடி ஷிஃப்ட், ஸ்பேஸ். எழுத்து ஒடுங்கியது. அகலம், ஒடுக்கம், அகலம், ஒடுக்கம். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"புது மிஷினோட வந்த சீனத் தட்டச்சு இது. ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் சேந்தா அகலத்துக்கு மாத்திடுது. நான் பெரிய எழுத்துக்குன்னு ஷிஃப்ட்டத் தட்டறேன். மனசு மாறி, கட்டளைக்குன்னு ஸ்பேஸத் தட்டறேன். கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்துடுது!"

"சரி, அந்த நின்னுபோன வரியெல்லாம்?"

சிரிப்பு நின்றது. யோசித்தான். "அகல எழுத்த நான் பாத்து அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி ஓரத்துல விட்ட காலி இடமும் அகலமாத்தான விழுந்திருக்கும்? அது யார் கண்ணுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் அத இடைவெளின்னு ஒத்துக்காது."

அந்த ஜோடி விசையை அணைக்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். அணைத்துவிட்டு வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னால் வேலை நிலைத்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். என் தம்பி விடவில்லை. கண்ணுக்குத் தெரியாததை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, நான்கு நாள் உட்கார்ந்து எடிட்டருக்குப் புதிதாக ஒன்பது வரி எழுதினான். எந்தக் கோப்பைத் திறந்தாலும், அதில் அகலமான காலி இடம் எங்கே இருந்தாலும், அந்த இடம் சிவப்புக் கட்டமாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவனும் சொன்னான், பிறகு லூவும் எங்கள் வீட்டில் சூப்பு குடித்துக்கொண்டே சொன்னார். இரண்டும் பொருந்தியதால் எழுதுகிறேன்.

கெஷுன் ஹோங் அம்மாவுக்குத் தப்பை விளக்கினான். "அப்ப இது உன் ஒருத்தன் பிரச்சின" என்றார் லூ. "ரெண்டு கை உள்ளவன் ஷிஃப்ட்டப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேஸத் தட்டவே மாட்டான்."

"வேகமா அடிச்சா தட்டுவீங்கண்ணே. உங்க ஃபைல் ஏதாவது தொறக்கட்டுமா?"

"தொற, தொற. என்னுது கண்ணாடி மாதிரி இருக்கும்."

கெஷுன் அவருடைய அளவுப் பட்டியலைத் திறந்தான். இயந்திரம் எந்தத் திருகாணி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று படித்துக்கொள்ளும் பட்டியல் அது. முப்பத்தெட்டாவது வரியில் நான்கு மில்லிமீட்டர் திருகாணிக்கு நேராக ஒரு சிவப்புக் கட்டம்.

லூ திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "என் ஃபைல்ல ஏன்டா ரத்தம்?" என்றார்.

அந்தப் பட்டியலைப் படிக்கும் இயந்திரம் இருந்த யென்சா தொழிற்சாலையில் பதினான்கு மாதமாக நான்கு மில்லிமீட்டர் திருகாணிகள் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே கழிவுப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. லூ இரண்டு தடவை கேமராவின் லென்ஸை மாற்றியிருந்தார். பச்சைப் பொட்டலத்தை மூன்று தடவை மாற்றியிருந்தார். அந்த ஒரு வரியை இயந்திரம் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறது. லூ அந்தச் சிவப்பை அழித்து, சாதாரண இடைவெளி வைத்து, பட்டியலை யென்சாவுக்கு அனுப்பிப் போன் செய்தார். இருபது நிமிடத்தில் அங்கிருந்து திரும்ப அழைத்தார்கள். நான்கு மில்லிமீட்டர் நல்ல பெட்டியில் விழுகிறது என்றார்கள்.

"இது யார் எழுதுன செட்டிங்?" என்று ஹோங் அம்மா கேட்டார்.

லூ தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாகக் கெஷுனின் வேலையெல்லாம் அவர் பெயரில்தான் போனது. "ஒத்தக்கையோடது" என்றார். உடனே, "கெஷுனோடது" என்று திருத்தினார்.

"அப்ப பொது செட்டிங்ல சேத்துடுங்க. எல்லாரும் இதையே போடுங்க. அந்தத் தம்பி சோதனப் பிரிவுக்கு எல்லாம் போக வேண்டாம், எழுதட்டும்."

பொது அமைப்புக் கோப்பில் ஒரு மாற்றம் செய்தால், செய்தவர் அடியில் பெயரை எழுத வேண்டும். லூ தன் கணினியின் முன்னாலிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"உக்காரு. இதுல என் பேரு வராது. வந்தா எனக்குத்தான் அசிங்கம்."

கெஷுன் உட்கார்ந்தான். விபத்துக்குப் பிறகு அவன் எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாத் தாளுக்கும் பெயர் முத்திரைதான். இடது கையால் தன் பெயரின் மூன்று சீன எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அடித்தான். அகலமாக இருக்க வேண்டிய எழுத்துகள் அவை, அகலமாகவே விழுந்தன. சேமித்தான்.

அன்று குடியரசு ஆண்டு நூற்றேழு, அதாவது 2018, நவம்பர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.