நீலாவைக் கொன்ற விதி

பொய் சொன்னேன். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை இருப்பதாகப் படித்துக் காட்டினேன். ஏமாந்தவள் ரோஸி.

விளையாட்டில் சொன்ன பொய்க்கா இத்தனை என்பீர்கள். சிரித்துவிட்டே கேளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் மளிகை மொத்தக்கடையின் மாடியில் ஞாயிறு மதியம் நால்வர் கூடுவோம். பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டம். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அவர்கள் எதிரில் வரும் காவலர்களும் அரக்கர்களும் நான். விதிப்புத்தகமோ தடித்த ஆங்கிலம். அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் தமிழில் சொல்வதே விதி. அந்த அதிகாரத்தின் ருசி இருக்கிறதே...

ரோஸிக்கு வீடு கொருக்குப்பேட்டை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் நின்று வண்டி எண்களைச் சரிபார்ப்பவள். ஆட்டத்தில் அவள் நீலா என்னும் வில்லாளி. ஒளிந்திருந்து எய்தால், எதிரி அறியாத அந்த ஓர் அம்புக்குக் கூடுதல் பகடைகள் உண்டு, காயமும் அத்தனை ஆழம். அந்த விதியை அவளைப்போல் கையாண்டவரை நான் கண்டதில்லை!

மற்றவர்கள் "மரத்துக்குப் பின்னால ஒளியறேன்" என்று சொல்லிப் பகடையை எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கமாட்டாள். தரை சரளையா, மண்ணா? காவலாளி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான்? எல்லாம் கேட்பாள். ஒருமுறை காவலாளியின் விளக்குக்கு எதிரே, வெட்டவெளியில், பத்தடி தள்ளி நின்றாள். ஏன் என்றேன்.

"லைட்ட கையில வெச்சினுகீறவனுக்கு அத்த தாண்டி இன்னாணா தெரியும்? எங்க வாச்மேன் டெய்லி என்னப் பாக்காமயே போறான்" என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. புத்தகம் எழுதியவனுக்கே இது தோன்றியிருக்காது. வியந்தேன். வியந்த அதே நெஞ்சுதான் புழுங்கவும் செய்தது.

மூன்று மாதம் யோசித்து ஓர் அரக்க அரசனை உருவாக்கினேன். அவனுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவன் வாய் திறக்குமுன் நீலா கூரைமேல் படுத்து வில்லை வளைத்துவிட்டாள். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. கூடுதல் பகடைகளும் உருண்டால் என் அரசன் தீர்ந்தான்.

புத்தகத்தைப் பிரித்தேன். "ரோஸி, இத்தனை நாள் நான்தான் தப்பா சொல்லிட்டேன். கூடுதல் பகடை கத்திக்கு மட்டும்தான். அம்புக்குக் கிடையாது. மன்னிச்சுக்கோ" என்றேன். ஆம், மன்னிப்பும் கேட்டேன்!

"புக்குலயே அப்டிகீதா?" என்றாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப கிட்ட போவணும். சரி, எறங்குறேன்."

நீலா கத்தியோடு இறங்கினாள். அரசனின் இரண்டாவது வெட்டில் செத்தாள். நான் என் வசனத்தைச் சொன்னேன், ஒருவரும் ரசிக்கவில்லை. நீலாவின் பலத்தையும் காயங்களையும் ஒன்றரை வருடம் அழித்து அழித்து எழுதி நைந்துபோன தாளை ரோஸி மடித்துக் கைப்பையில் வைத்தாள். "செம ஆட்டம்ணா" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறாவது? விதி தெரியாதவன் என்று அவள் நினைத்தால் தாங்கிக்கொள்வேன். பொறாமைக்காரன் என்று அறிந்துவிட்டால்...?

இப்போது ரோஸி தன்னோடு வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துத் தானே ஆட்டம் நடத்துகிறாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"ணா, இங்க ஒருத்தி ஒளிஞ்சுகினு அம்பு வுடுறா. எக்ஸ்ட்ரா பகட கெடையாதுன்னேன். நெட்டுல வேற மாறி போட்டுகீதுன்னு சண்ட போடுறா. எங்க அண்ணன் புக்க பாத்து சொன்னது, அது பொய் சொல்லாதுன்னுட்டேன். நீயே ஒரு வார்த்த சொல்லிடு."

மூன்று முறை கேட்டேன். பிறகு, நீ சொன்னதுதான் சரி என்று எழுதி அனுப்பினேன்.

"தேங்க்ஸ்ணா" என்று பதில் வந்தது.