எந்தக் கவுன்சிலிங்?

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில்தான் முதலில் வந்தது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு பாதியில் நின்றது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நமணசமுத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீடு திரும்பினேன். நான் புதுக்கோட்டையில் அரசுப் பள்ளி ஆசிரியை. தினமும் அதே பேருந்துதான்.

மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மூன்றிலும் குறையில்லை. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது. பீதித் தாக்கு (காரணமில்லாமல் திடீரென உச்சத்துக்கு ஏறும் பயம்) என்றார் மருத்துவர். கவுன்சிலிங் போகச் சொன்னார்.

வெளியே காத்திருந்த கணவரிடம் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"டிரான்ஸ்பர் கவுன்சிலிங்கா? அலையாம நம்மூருக்கே வந்துரச் சொல்றாரா? நல்லதுதானே."

ஆசிரியர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. மனசுக்கு வைத்தியம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்றேன். மாறுதலுக்கு விண்ணப்பமும் போட்டேன். நான்கு மாதம் வீணாயிற்று.

அந்த நான்கு மாதமும் அவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். ஒருநாள் பைக்கிலும் வந்தது. பள்ளி வாசலில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "எங்கிட்டயுமா மறைச்ச?" என்றார். அன்றே தேடத் தொடங்கினோம்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெறுமனே கவுன்சிலிங் என்று கேட்காதீர்கள். எனக்கு முதலில் கிடைத்தவர் மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தத் திடம் என்னிடம் இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்து மாற்றிப் பழகும் சிகிச்சை) தருவீர்களா என்று கேளுங்கள். அதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் புதன்கிழமை மட்டும் புதுக்கோட்டை வருவது அப்படித்தான் தெரிந்தது. மூன்று வாரம் காத்திருந்தோம்.

அந்த உளவியலாளர் என்னை நோட்டு போடச் சொன்னார். ஒரு பக்கம் வந்த எண்ணம், எதிர்ப்பக்கம் நடந்தது. 'செத்துவிடுவேன்' என்று எழுதி, எதிரே 'சாகவில்லை' என்று எழுதினேன். ஐந்தாம் வாரம் சொன்னார்:

"இனிமே பஸ்ல வாங்க. பயம் வந்தா நடுவுல எறங்காதீங்க. நீங்க எறங்குறதாலதான் பயம் எறங்க மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து மாறுதல் கலந்தாய்வும் வந்தது. திருமயத்திலேயே ஓர் இடம் காலி. என் பெயரைக் கூப்பிட்டார்கள். இருக்கும் பள்ளியிலேயே இருக்கிறேன் என்றேன். அந்த இடத்தை எடுத்தால் அதுவும் பாதியில் இறங்குவதுதான்.

மறுநாள் பேருந்தில் நமணசமுத்திரம் வரும் முன்பே நெஞ்சு படபடத்தது. கண்டக்டருக்கு என்னையும் தெரியும், முன்பு நான் அங்கே இறங்கியதும் தெரியும்.

"டீச்சர், எறங்குறீங்களா?"

"இல்லங்க. புதுக்கோட்டைதான்."

விசில் ஊதினார். கம்பியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் படபடப்பு அடங்குவதற்குள் என் ஆயுளே முடிந்துபோகும். அன்று எட்டு நிமிடம்தான் ஆனது.

பயம் இன்னும் வருகிறது. நானும் டிக்கெட் எடுத்த இடம்வரை போகிறேன்.