சரிந்துகொண்டே வந்த கறுப்புத் துணி

தெருவில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். வீட்டுக்குள் வளர்க்கிற செடிகளை மேசைமேல் வைத்து, விளக்குப் போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. செடிக்கடைக்காரர் தொட்டிகளை வண்டியில் அனுப்புவார். இவள் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் அவரிடம் செடி வாங்குவார்கள். செடிக்குப் போய்ப் படமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கல்யாணப் பெண்ணை நிற்க வைப்பதைவிடப் பெரணிச் செடியை நிற்க வைப்பது கஷ்டம்தான், இதில் பேச்சே கிடையாது. பெண்ணிடம் முகத்தைத் திருப்பம்மா என்று சொல்லலாம். பெரணிக்குக் காது ஏது?

தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். எந்தப் பக்கம் செடிக்கு முகம் என்று தெரிந்த பிறகுதான் ஈரப் பஞ்சால் இலை இலையாகத் துடைப்பாள். ஜன்னல் திரையை இழுத்து மூடி, பின்னால் கொடிக்கயிறு கட்டி, கறுப்புத் துணியைத் துணிக் கிளிப்பால் மாட்டுவாள். ஒரு பக்கம் விளக்கு. வெளிச்சம் முரட்டுத்தனமாக விழாமல் இருக்க அதன்மேல் மெல்லிய தாள். மறுபக்கம் நிழலை இளக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. அட்டை பிடிப்பது நாத்தனார். அந்த வீட்டிலேயே தையல் போட்டுக்கொண்டிருப்பவள், வாய் மட்டும் ஊசியைவிடக் கூர். எல்லாம் சரியானதும் இலைக்காரி இடது கண்ணை மூடி வலது கண்ணைக் கேமராவில் வைப்பாள்.

முதலில் வந்தது கொசு. தொட்டி ஈரத்தில் பிறக்குமே, பொடிக் கொசு, அதுதான் பறக்கிறது என்று நினைத்தாள். மண்ணைக் காயப்போட்டாள், புகை போட்டாள். கொசு போகவில்லை. அடுத்து விளக்கு. ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெட்டியது. வயர் கெட்டுவிட்டது, துணியில் தீப்பிடித்து வீடே போகப்போகிறது என்று பயந்து ஆள் அனுப்பினாள். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பல்பை மாற்றினான், ஹோல்டரை மாற்றினான், நின்று நின்று பார்த்துவிட்டுத் தன் கண்ணுக்கு ஒன்றும் மின்னவில்லையே என்றான். தூங்கி வழிந்துகொண்டு வேலைக்கு வராதே என்று அவனைத் திட்டி அனுப்பினாள். பாவம், அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை.

அதற்கடுத்த நாள் காலை கறுப்புத் துணி ஒரு மூலையில் சரிந்து படத்துக்குள் வந்தது. எழுந்து போய்க் கிளிப்பை இறுக்கினாள். திரும்பி வந்து பார்த்தால் முன்னைவிட அதிகமாகச் சரிந்திருந்தது. மறுபடி இறுக்கினாள். நடுவில் விளக்கு வேறு வெட்டியது.

"புடுங்கு! வெடிக்கப்போகுது, ப்ளக்கப் புடுங்கு!"

நாத்தனார் அட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். அறை இருட்டானது. அந்த இருட்டிலும் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு.

"புடுங்குன்னு சொன்னேன்ல?"

நாத்தனார் இருட்டில் தடவித் தடவிக் கிட்டே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "புடுங்கிட்டேன் அண்ணி. ப்ளக்கு என் கையிலதான் இருக்கு."

இலைக்காரி கேமராவை விட்டு எழுந்தாள். திரையை விலக்கச் சொன்னாள். வலது கண்ணைக் கையால் பொத்தினாள். கறுப்புத் துணி கொடியில் நேராகத் தொங்கியது, ஒரு கிளிப்கூட நழுவவில்லை. இடது கண்ணைப் பொத்தினாள். துணி சரிந்திருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினாள். துணி அங்கேயும் வந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். பாதி முகம்தான் இருந்தது.

கண் டாக்டர் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு உள்பக்கம் இருக்கிற திரை கிழிந்து, ஈரச் சுவரில் ஒட்டிய தாள் மாதிரி பிரிந்து வருகிறது, நடுப்பகுதி பிரிவதற்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். கொசுவும் மின்னலும் வந்த அன்றைக்கே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். அவள் என்ன சொல்வாள், மண்ணுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தேன் என்றா? பார்வை வருமா என்று மட்டும் கேட்டாள்.

"ஒட்டிடுவோம்மா. எவ்வளவு தெரியும்னு இப்பவே சொல்ல முடியாது."

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே காற்றுக் குமிழி வைத்திருக்கிறோம், அது திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் குப்புறவே படுத்திரு என்றார்கள். தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தவளுக்குத் தூக்கமே இல்லை. இந்தக் கண் போனால் இலைக்கு முகம் எது, முதுகு எது என்று எதை வைத்துப் பார்ப்பது? நாத்தனார் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டில் மேல தொட்டிய நல்லாத்தான் வச்சிருக்காங்க அண்ணி. முகந்தான் அந்தப் பக்கம் போயிருச்சு."

சிரித்தால் குமிழி நகர்ந்துவிடுமோ என்று இலைக்காரிக்குச் சிரிக்கவும் பயம். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குமிழி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியும் கேமராப் பக்கமே அவள் போகவில்லை. கடைசியில் நாத்தனாரே மேசையில் மணி பிளான்டைத் தூக்கி வைத்து, துணியை மாட்டி, விளக்கையும் போட்டாள். இலைக்காரி கேமராவிடம் வந்து நின்றாள். வலது கண்ணை வைத்தாள். தொட்டியின் விளிம்பு லேசாக அலையடித்தது. ஆனால் இலை தெரிந்தது, நரம்பு தெரிந்தது, துணி நேராகத் தொங்கியது.

மூச்சு விடப்போன சமயத்தில் குறுக்கே ஒரு கொசு பறந்தது.

இலைக்காரி கண்ணை எடுக்கவில்லை. கேமராவைப் பிடித்தபடியே நின்றாள். வந்துவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து என்று உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. அண்ணியின் முகம் வெளுத்ததை நாத்தனார் பார்த்தாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பட்டென்று இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையை விரித்து அண்ணியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது நெஜக் கொசு. நல்லாப் பாத்துக்குங்க, காலுகூட ஒட்டிக்கிட்டிருக்கு."

இலைக்காரி இடது கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இரண்டிலும் செத்த கொசு இருந்தது.

"அட்டையக் கொஞ்சம் கிட்டக் கொண்டா," என்றாள்.

இப்போதும் படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் காலையில் காபிக்கு முன்னால், கொடிக்கு எதிரே நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, கறுப்புத் துணி நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் செடியைத் தொடுவாள்.