இருபத்தேழாம் தொட்டியின் இலைகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவரைப் பெரும்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதவி அப்படியொன்றும் பெரிதில்லை, கடைநிலைக் களப்பணியாளர். இலையில் நோய்ப்புள்ளி எண்ணுவது வேலை. சுத்தமான இலைக்குப் பூஜ்ஜியம், முழுக்கக் கருகிப்போனதற்கு ஒன்பது, நடுவில் இருப்பதற்கெல்லாம் நடுவில் ஓர் எண். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறார். மற்றவர்கள் ஒரு செடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாலு தொட்டி தாண்டிப் போயிருப்பார். கண் அப்படி.

அந்தக் கண்தான் அவருக்கு எமன். அக்கா மகளுக்குப் பதினாறு வயதில் முகமெல்லாம் பரு. பார்க்கப் போன மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இடது கன்னம் மூணு, வலது கன்னம் அஞ்சு" என்றார். தொழில்முறையில் அது துல்லியமான கணக்கு. அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுததில், அவருக்கு அந்த வீட்டுக் கதவும் சேர்ந்து சாத்திக்கொண்டது. இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமை போனில் வருவதோடு சரி.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"இருக்கு."

"சரி, வச்சிடறேன்."

இருபது விநாடி. சில வாரம் பதினெட்டு.

குடியிருப்பது மாடியில் ஒற்றை அறை. ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கினால் அதில் துணிதான் வந்து உட்காரும் என்று வாங்கவில்லை.

ஆகவே அவர் பேச்செல்லாம் நிழல்வலைக் கூடத்தில்தான் நடந்தது. செடிகளோடு. கிண்டல் பண்ணாதீர்கள், அவை குறுக்கே பேசுவதில்லை.

அந்தப் பருவத்தில் கூடம் முழுக்க டாக்டரம்மாவின் சோதனை. ஊசி போடத் தெரியாத டாக்டர். செடிகளுக்கு வரும் நோயைப் படித்தவர். நொச்சி இலைச் சாற்றைத் தெளித்தால் தக்காளியின் இலைக்கருகல் நோய் அடங்குமா என்பதுதான் கேள்வி. நாற்பது தொட்டி. எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே நோயை ஏற்றியாயிற்று. இருபதுக்குச் சாறு, இருபதுக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்று டாக்டரம்மாவுக்கும் தெளிப்பவருக்கும் மட்டும் தெரியும். எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் கட்சி சேர்ந்துவிடும். அதனால் தொட்டியில் வெறும் எண்தான் இருக்கும்.

இவ்வளவு யோசித்தவர்கள், ஆளுக்கு மூக்கு என்று ஒன்று உண்டு என்பதை யோசிக்கவில்லை. நொச்சி வாசம் லேசுப்பட்டதா? தெளித்த மறுநாளே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இருபத்தேழாம் எண் தண்ணீர்க் கட்சி. மூலையில், கொஞ்சம் சாய்ந்து வளர்ந்தது. அதன் பக்கத்தில்தான் மதியம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்.

"என்னம்மா, நேத்து ரெண்டு, இன்னைக்கு நாலா? உடம்பைப் பாத்துக்க மாட்டியா நீ?"

அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் மருந்து, தனக்கு மட்டும் பச்சைத் தண்ணீர் என்று அதற்குத் தெரிந்துவிட்டதுபோல் அவருக்குப் பட்டது. ஒரு சாயங்காலம் கருகின இலை ஒன்றைக் கிள்ளினார். ஒன்றுதானே. மறுநாள், ஒருத்திக்கு மட்டும் செய்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று மற்ற பத்தொன்பதுக்கும் கிள்ளினார். அப்புறம் அது தினசரி வழக்கமானது. இலைகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோய் எரிதொட்டியில் கொட்டினார். தோட்டத்தில் இதைச் செய்தால் நல்ல விவசாயி என்பார்கள்.

எட்டு வாரம் போனது. வெள்ளிதோறும் எண்ணினார். எழுதிய எண்ணில் ஒன்றுகூடப் பொய்யில்லை. செடியில் இருந்ததைத்தான் எழுதினார்.

டாக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டார். மேசை முழுக்கத் தாள்கள்.

"அண்ணே, சாறு தெளிச்சதுக்கும் மூணு, தண்ணிக்கும் மூணு. ஒரு வித்தியாசமும் இல்ல."

"ம்."

"உங்க எண்ணிக்கை தப்பாகாது. அப்ப என் சாறுதான் தப்பு. மூணு வருஷம் இடிச்சு வடிகட்டினேன். பலனில்லைன்னு நாளைக்கு எழுதி முடிச்சிடறேன்."

"சரிங்கம்மா" என்று வெளியே வந்தார். வராந்தாவில் இருபது அடி நடந்தார். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் கூடத்துக்குள் இனி விடமாட்டார்கள். அப்புறம் பேச யார் இருக்கிறார்கள்? இருபத்தோராவது அடி திரும்பி வைத்தார்.

"அம்மா, அது மூணு இல்ல."

"எது?"

"தண்ணிச் செடி. நான் கிள்ளிட்டேன்."

"என்னத்த கிள்ளினீங்க?"

"நோய் இலைய. தினமும். பாவமா இருந்துச்சு."

"எது தண்ணிச் செடின்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். டாக்டரம்மா சிரிக்கப்போகிறாரா, அழப்போகிறாரா? எத்தனையோ இலைக்குத் தரம் போட்ட கண்ணுக்கு அந்த முகத்துக்குப் போட ஓர் எண் கிடைக்கவில்லை.

"அது வாடினாத்தானே மத்தது பிழைச்சதுன்னு சொல்ல முடியும்? இது கூடவா தெரியாது?"

"தெரியும்மா. இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

டாக்டரம்மா தாள்களை அடுக்கினார். "கை பட்ட செடி எதுவும் இனி ஆகாது. ஒப்பிட அது இல்லாம மத்ததும் ஆகாது. நாற்பதையும் பிடுங்கி எரிக்கணும். முதல்லேர்ந்து விதைக்கணும்."

"நானே பிடுங்கறேம்மா."

பிடுங்கினார். இருபத்தேழு வேரோடு சுலபமாக வந்தது. அன்றைக்கு அதற்கு இரண்டு போடலாம். நல்ல உடம்பு.

வேலை போகவில்லை. அந்தக் கண் வேறு யாருக்கும் இல்லை என்று டாக்டரம்மாவே மேலிடத்தில் வாதாடினாராம். நிபந்தனை ஒன்று: எண்ணும் நாளில் மூக்கடியில் தலைவலித் தைலம் அப்பிக்கொள்ள வேண்டும். இன்னொன்றை இவரே போட்டார். கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்து, "வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து விடுங்கம்மா. மத்த நாள் எனக்கு வேண்டாம்" என்றார்.

மற்ற நாட்களில் தொட்டி கழுவினார். தொட்டியிடம் என்ன பேசுவது? கூடத்தைத் தாண்டும்போது கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, வலைப்பக்கம் திரும்பாமல் நடந்தார்.

"என்ன பெரும்புள்ளி, கைய யாராவது கட்டிட்டாங்களா?" என்றார் தெளிப்பவர்.

"நானேதான் கட்டிக்கிட்டேன்."

புதுச் செடிகளுக்கு நோய் ஏறிய ஐந்தாவது வெள்ளி. தைலம் கண்ணில் எரிய, குறிப்பேட்டோடு உள்ளே போனார். எது சாறு, எது தண்ணீர் என்று இம்முறை நிஜமாகவே தெரியவில்லை. அதனால் நாற்பதையும் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒரு செடியில் அடி இலையெல்லாம் கருகித் தொங்கியது. விரல் தானாக நீண்டது. அந்த விரலிடுக்கில் பேனாவைச் செருகிக்கொண்டார். ஏழு என்று எழுதினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த தொட்டிக்குப் போனார்.