ஐஸ் வைத்தியமும் பரளச்சி மூலக்காரர்களும்

அறுக்க முடியாத அளவுக்கு முற்றிய மலக்குடல் புற்றுக்கட்டியை உறையவைத்து, ரத்தத்தையும் வலியையும் குறைத்து அனுப்புவதுதான் எங்கள் வேலை; கட்டி போகாது, ஆள் கொஞ்சநாள் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்கு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை.

டப்பா

பரளச்சி சுப்பையா, காடுகரையில் பாடுபடும் சம்சாரி. உட்கார முடியாமல் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். டாக்டர், கட்டியை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் டப்பாவின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் இறங்கியது. படுத்திருந்தவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். பயமாக்கும் என்று நினைத்து நான் தைரியம் சொல்லப் போனேன். அவர் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது எங்க மாட்டாஸ்பத்திரியில சினை ஊசி கொண்டார்ற டப்பால்ல? எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு தாயி, இனி என்னத்துக்கு?"

லேடீஸ் சீட்டு

அவர் மனைவி முத்தம்மா முதல் நாளே என்னைத் தனியே கூப்பிட்டு, அவரிடம் மூலம் என்று மட்டும் சொல்லச் சொன்னார். விஷயம் தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே படுத்துவிடுவாராம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றார் டாக்டர். சுப்பையா கேட்கவே இல்லை. எனக்குப் பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும், அதனால் அவர் இருக்கும்வரை மாஸ்க்கைக் கழற்றவில்லை.

இரண்டாம் முறை உறையவைத்தபின் ரத்தம் நின்றது. அடுத்த தடவை வந்த முத்தம்மா, ஊருக்குத் திரும்பிய கதையைச் சொன்னார்.

"லேடீஸ் சீட்டுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. கண்டக்டர் வையிறாரு, எனக்குச் சந்தோசத்துல அழுகையா வருது."

லோடு ஆட்டோ

அடுத்த வாரம் ஒரு லோடு ஆட்டோ வாசலில் நின்றது. உள்ளே பரளச்சிக்காரர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூலக்காரர்கள் வேறு எப்படி வருவார்கள்? பந்தல்குடியிலிருந்து ஒருவர் மச்சானையும் கூட்டி வந்திருந்தார். சுப்பையாவுக்குச் செய்த ஐஸ் வைத்தியம் எல்லோருக்கும் வேண்டுமாம். முன்சீட்டில் சுப்பையாவே உட்கார்ந்திருந்தார்.

இங்கே மூலத்துக்கு இதைச் செய்வதில்லை. அதைச் சொன்னால், அப்படியென்றால் சுப்பையாவுக்கு என்ன என்று அடுத்த கேள்வி வரும். கூட்டத்தின் நடுவே முத்தம்மா முகம் வெளிறி நின்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுப்பையா இறங்கி, என்னை மருந்து அறைப் பக்கம் கூட்டிப் போனார்.

"எனக்கு வந்திருக்கது என்னன்னு தெரியும் தாயி. தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா சோறு திங்கமாட்டா. அதான் ஊரெல்லாம் மூலம் மூலம்னு சொல்லிவச்சேன், இவுக கிளம்பி வந்துட்டாக. ஏதாச்சும் களிம்பக் குடுத்து ஏத்தி விடுங்க."

களிம்பு வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் குணமாகிவிட, பத்தியம் இருக்கத் தெரியாத ஆள் என்று ஊரில் கெட்ட பேர் இப்போது, இன்னும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற சுப்பையாவுக்கு மட்டும்தான்.