நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு

என் கணவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். எங்கள் இருவருக்கும் எச்ஐவி. பதினோரு வருடமாகச் சாப்பிட்டு முடித்ததும் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை போடுவது எங்கள் வழக்கம். போன ஆடி மாதத்தில் அவர் தன் மாத்திரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் விழுங்க ஆரம்பித்தார். குழம்பு காரம் என்று தட்டைத் தள்ளினார். நான் போட்டதோ எப்போதும் போடும் மிளகாய்த்தூள்தான்.

அவருக்கு வடபழனிப் பக்கம் படப்பிடிப்புகளில் லைட் வேலை. நான் தி.நகர்ப் புடவைக் கடை ஒன்றில் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவைக் கொட்டி மாத்திரைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. அப்போதும் மனம் ஆறவில்லை. எடுத்து எறிந்துவிடுகிறாரோ என்று குப்பைக் கூடையைக் கிளறினேன், சட்டைப் பைகளையும் துழாவினேன். மாத்திரை இல்லை. பாக்கும் புகையிலையும் கலந்த மாவாப் பொட்டலம் ஒன்று கிடைத்தது.

"இன்னாயா இது? உட்டுட்டேன்னு சத்தியம் பண்ணியே?"

"எப்பவோ வாங்கினது. அத்தப் போய் கெளறிக்கினு கீற."

வாயைச் சரியாகத் திறக்காமலே பேசினார். அது எனக்கு உறைத்தது.

"வாயத் தொற."

"இன்னாத்துக்கு?"

"தொறன்றேன்ல."

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் சிவந்த புண். ரெண்டு மாசமாக இருக்கிறதாம்.

"ஏன் சொல்லல?"

"டாக்டராண்ட போனா நம்ம வியாதியையும் சொல்லணும்மே."

மயிலாப்பூரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா சிரித்துப் பேசியபடி நாக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கணவர் தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொன்னார். டாக்டர் பேச்சை நிறுத்தினார். கையுறையைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கை கழுவினார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கே" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, "பாத்தியா, தொரத்தி உட்டுட்டாங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிதத்தை அலமாரியில் துணிக்கடியில் செருகிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் துப்பிய எச்சிலில் ரத்தம் இருந்தது. அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். புண்ணில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்.

"இந்த மாத்திரையாலதான வந்துச்சு?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அதையும் சந்தேகப்பட்டேன்.

"இல்லைம்மா. மாத்திரைய நிறுத்தவே கூடாது. எச்ஐவி இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வர்றதுக்கு வாய்ப்பு கூட. அதோட புகையிலையும் சேர்ந்தா?" என்றவர், நான் எடுத்துக் கொடுத்த பழைய கடிதத்தைப் பிரித்துப் படித்தார். "புற்றுநோயா இருக்கலாம், தாமதம் வேண்டாம்னு தெளிவா எழுதியிருக்காங்களே. மூணு வாரம் என்ன செஞ்சீங்க?"

அந்தப் பல் டாக்டர் பயந்து அனுப்பினாரா, அக்கறையில் அனுப்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கடிதத்தை நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தில் சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பரவவில்லை என்றார்கள். இப்போது அவர் வேலைக்குப் போகிறார். பேச்சு குழறுவதால் புதிதாய் வருபவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைக்கிறார்களாம்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அறை வாசலில் காத்திருப்பேன். அவர் வெளியே வந்ததும், "நெசத்தச் சொல்லு, இன்னா சொன்னாரு?" என்பேன். போன தடவை அவருக்கு அலுத்துவிட்டது.

"நீயே வந்து கேளேன்" என்றார்.

கூடவே உள்ளே போய் நின்றேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கேட்டேன்.